தகரத்துக்கு வைத்தியம் கட்டுத்தரையில்

'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்பார்கள். மச்சு வீடு இருந்த காலத்துப் பழமொழி. இன்றைக்குத் திருச்செங்கோடு வட்டாரத்தில் மாடு கட்டுகிற இடத்தில் மச்சும் இல்லை, ஓலையும் இல்லை, தகரம்தான். ஆனாலும் பழமொழி பொய்க்கவில்லை. மாசி மாதம் விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கக் குந்தினால் முதுகில் சில்லென்று ஒரு சொட்டு விழும். கடைசி மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். அப்புறம் சொட்டு எங்கிருந்து வருது?

கூரை பார்ப்பது என்றால் ஐப்பசி மழைக்கு முன்னால் ஏணி வைத்து ஏறி, ஓட்டை இருக்கிற இடத்தில் எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு இறங்குவது என்றுதான் நம்மில் பலர் வைத்திருக்கிறோம். என் கருத்து வேறு. மாட்டுக் கொட்டகைத் தகரம் மேலே விழும் மழையால் கெடுவதைவிட, கீழே இருந்து ஏறும் மூத்திர ஆவியால் கெடுவதுதான் அதிகம். ஆகவே கூரையைப் பார்க்க வேண்டிய காலம் பனி முடிகிற மாசி. பார்க்க வேண்டிய பக்கம் அடிப்பக்கம். வேலையைத் தொடங்க வேண்டிய இடம் தரை. இயற்கை வேளாண்மை இதழில் தகரத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அந்தத் தகரத்தை அரிக்கிற பொருளும், நம் காட்டுக்குப் போய்ச் சேராமல் வீணாகிற தழைச்சத்தும் ஒன்றேதான். அதனால்தான் எழுதுகிறேன்.

முப்பது நாற்பது வருசத்துக்கு முன்னால் சாளையும் கட்டுத்தரையும் பனை ஓலையிலோ கரும்புச் சோகையிலோ வேய்ந்திருக்கும். ஓலை வெட்டவும் வேயவும் ஆள் குறைந்துபோனார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபிறகு, பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையைப் பிரிக்கச் சொல்லி அரசு உத்தரவு போட்டது. கூரை என்றாலே ஜனங்களுக்கு ஒரு பயம் வந்துவிட்டது. கட்டுத்தரைக்கு லைட்டும் தட்டு வெட்டுகிற மிஷினும் வந்தபிறகு, ஓலைக்கு அடியில் ஒயர் இழுக்க யாருக்கு மனசு வரும்? தகரம் வந்ததில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஓலையை இரண்டு மூன்று வருசத்துக்கு ஒருமுறை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று தெரிந்து வைத்திருந்த நாம், தகரத்தைப் போட்டதும் 'இனி ஆயுசுக்கும் கவலை இல்லை' என்று விட்டுவிட்டோம். ஓலை மூச்சுவிடும். ஆவி அதற்குள் புகுந்து வெளியே போய்விடும். தகரம் மூச்சுவிடாது. இந்த ஒரு வித்தியாசத்தை நாம் கணக்கிலேயே எடுக்கவில்லை.

குளிர் நாடுகளில் கூரைமேல் அடி கணக்கில் உறைபனி ஏறி நிற்கும். அது உருகி ஓடியபிறகு அவர்கள் ஏறிப் பார்க்கிறார்கள். நாம் அதையும் பனி என்கிறோம், நம்ம மார்கழிப் பனியையும் பனி என்கிறோம். நம்ம பனிக்கு எடை இல்லை. ஆனால் அது கூரைக்கு இரண்டு பக்கமும் உட்காரும். மேகம் இல்லாத இரவில் தகரம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். கீழே நான்கு மாடு மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கும். மூச்சில் இருக்கிற ஈரம், மூத்திரத்தில் இருந்து எழும்பும் ஈரம், ஈரச் சாணத்தின் ஆவி எல்லாம் மேலே போய்க் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகும். முதுகில் விழுந்த சொட்டு அதுதான். வெறும் தண்ணீராக இருந்தால் பரவாயில்லை. கொட்டகைக்குள் நிற்கிற அம்மோனியாவும் அதில் கரைந்திருக்கும். விடிய விடிய அந்த நீர் தகரத்தின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு நிற்கும். வெயில் ஏறினால் காயும். மறுநாள் ராத்திரி மறுபடியும். கார்த்திகை பிறந்து மாசி முடியும்வரை இதே கதை.

தகரம் என்று நாம் சொல்வது துத்தநாகம் பூசிய இரும்பு. கடையில் 120 ஜிஎஸ்எம், 275 ஜிஎஸ்எம் என்று சொல்வது அந்தப் பூச்சின் எடை. சதுர மீட்டருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து இத்தனை கிராம் துத்தநாகம். 120 என்றால் ஒரு பக்கத்துக்கு 60 கிராம். அதன் பருமன் ஏறக்குறைய 8 மைக்ரான்தான், நம்ம தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு சுமாருக்கு. அந்த மெல்லிய தோல் இருக்கும்வரை இரும்புக்கு ஆபத்து இல்லை. தோல் போகும்போது முதலில் வெள்ளையாகப் பூக்கும். சுண்ணாம்பு தெளித்த மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கும். அதைத் தூசி என்று நினைத்து விட்டுவிடுகிறோம். தூசி இல்லை, துத்தநாகம் கரைந்துகொண்டு இருக்கிறது என்று அர்த்தம். அதற்கடுத்ததுதான் செந்துரு. மேலே ஏறிப் பார்த்தால் பளபளவென்று இருக்கிற தகரம், அடியில் பார்த்தால் இந்த நிலையில் இருக்கும். மாடு படுக்கிற பக்கத்துக்கு நேர் மேலே இருக்கிற தகரத்தையும், தீவனத் தொட்டிக்கு மேலே இருக்கிற தகரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே முதலில் பூக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கலர் சீட்டு வாங்கிவிட்டால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு, அதன்மேல் பெயிண்ட். வீட்டு மாடிக்கும் குடோனுக்கும் நல்ல சரக்குதான். ஆனால் உத்தரவாதத் தாளைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். கால்நடை அடைக்கிற கட்டடத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று பல கம்பெனிகள் எழுதியிருக்கும். விற்கிறவர்களுக்கே தெரிந்த விசயம்தான் இது.

இப்போது கணக்குக்கு வருவோம். மாட்டு மூத்திரத்தில் தழைச்சத்து சுமாராக ஒரு சதவீதம். கலப்பின மாடு ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேலும் பெய்யும். காங்கேயம் மாதிரி நாட்டு மாட்டுக்குக் குறைத்து 6 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 60 கிராம் தழைச்சத்து. வருசத்துக்கு 22 கிலோ. கடையில் விற்கும் 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 46 சதவீதம், அதாவது 20 கிலோ சொச்சம். ஆக, ஒரு நாட்டு மாடு வருசத்துக்கு ஒரு மூட்டை யூரியாவைப் பெய்கிறது. யூரியா என்று நான் உவமைக்குச் சொல்லவில்லை. மூத்திரத்தில் இருப்பது அதே யூரியாதான். 1828இல் ஜெர்மனியில் வோலர் என்பவர் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டுவதற்கு முன்னால் அது உயிர்களின் உடம்பில்தான் உண்டாகும் என்று உலகம் நம்பியிருந்தது. நாம் ரசாயன மூட்டை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, கட்டுத்தரையில் ஒரு மூட்டையைத் தகரத்துக்குத் தின்னக் கொடுத்துக்கொண்டு இருக்கிறோம்.

மூத்திரம் தனியாக இருக்கும்வரை யூரியா அப்படியே இருக்கும். சாணத்தோடு கலந்ததும் சாணத்தில் இருக்கிற நொதி அதை உடைத்து அம்மோனியா ஆக்கிவிடும். குழி விழுந்த தரையில் மூத்திரம் தேங்கி, அதிலேயே சாணமும் மிதிபட்டுக் கிடந்தால் நடப்பது இதுதான். கண் எரிகிறதா இல்லையா என்று நின்றுகொண்டு பார்க்காதீர்கள். மாடு படுத்திருக்கும்போது அதன் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள், விடியற்காலையில். இரவு முழுக்க மாடு அதைத்தான் சுவாசிக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இது அரசாங்கத் தாளிலேயே இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2012 வாக்கில் புதிதாகச் சேர்த்த பணிகளில் கால்நடைக்கு என்று எழுதியிருந்தது என்ன தெரியுமா? கெட்டித் தரை, மூத்திரத் தொட்டி, தீவனத் தொட்டி. மூன்றும் தரையில் இருக்கிற சமாச்சாரம். ஆனால் ஊரில் நாம் கேட்டது 'கொட்டகை'. போட்டோவில் தெரிவதும் தகரம்தான். நான் போய்ப் பார்த்த கொட்டகைகளில் மூத்திரத் தொட்டி இருக்கிறது என்று சொல்லக்கூடியவை கைவிரலுக்குள் அடங்கும். அதிலும் பாதியில் குப்பை நிரம்பியிருக்கும். இதில் அதிகாரிகளைத் திட்டிப் பிரயோசனம் இல்லை. நாம் கேட்டதைத்தான் கட்டிக் கொடுத்தார்கள்.

ஜீவாமிர்தத்துக்கு ஏக்கருக்குப் 10 கிலோ சாணமும் 5 முதல் 10 லிட்டர் மூத்திரமும் என்கிறார் சுபாஷ் பாலேக்கர். பஞ்சகவ்யத்தைக் கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பியபிறகு மூத்திரத்துக்கு நம்ம பக்கத்தில் மரியாதை வந்தது உண்மைதான். ஆனால் அந்த மரியாதை ஒரு குடத்தோடு நின்றுவிடுகிறது. காலையில் மாடு பெய்யும்போது ஓடிப்போய்க் குடத்தில் பிடிக்கிறோம். மீதி நாள் முழுக்கப் பெய்வது எங்கே போகிறது என்று பார்ப்பதில்லை.

தரை வேலை பெரிய செலவு இல்லைங்க. அஞ்சு அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் இருந்தால் போதும். மூத்திரம் தானாக ஓடும், மாட்டுக்கும் வழுக்காது. வாட்டம் முடிகிற இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால், அதன் கடைசியில் ஒரு சிமெண்டு உறையோ பழைய பிளாஸ்டிக் பேரலோ புதைத்துக்கொள்ளலாம். மூடி கட்டாயம். திறந்து வைத்தால் கொட்டகையில் போகிற ஆவி அங்கிருந்து போகும், அவ்வளவுதான். சிமெண்டுத் தரை போட வசதி இல்லாதவர்கள் பெரியவர்கள் செய்ததைச் செய்யலாம். கட்டுத்தரையில் செம்மண்ணைக் கொட்டி, மேலே கடலைத் தொலி, சோகை, காய்ந்த தழை என்று கிடைத்ததைப் பரப்பி, மூத்திரம் ஊறிய மண்ணை அப்படியே வழித்து எருக்குழிக்கோ காட்டுக்கோ கொண்டுபோவார்கள். சோகையும் தொலியும் மூத்திரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிமெண்டு வந்ததும் நாம் விட்டுவிட்ட பழக்கங்களில் இது நல்ல பழக்கம்.

இரண்டு சங்கதி சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நாற்றம் போகட்டும் என்று ஈரத் தரையில் சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள். அது காரம். மூத்திரத்தில் இருக்கிற அம்மோனியாவை அது இன்னும் வேகமாகக் கிளப்பிவிடும். தூவின அன்றைக்கு மூக்கைத் துளைக்கிற நெடியைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பதிலாகக் கடலைக்குப் போட வாங்கிய ஜிப்சம் மீதி இருந்தால் கைப்பிடி கைப்பிடியாகத் தூவுங்கள். அது அம்மோனியாவைப் பிடித்து நிறுத்தும். அந்தக் குப்பை காட்டுக்குப் போகும்போது கந்தகமும் சுண்ணாம்புச்சத்தும் கூடவே போகும்.

இன்னொன்று, பனிக்காலத்தில் மாட்டுக்குக் குளிரும் என்று நான்கு பக்கமும் படுதா கட்டிவிடுவது. தேர்தல் முடிந்த வருசம் என்றால் படுதாவுக்குப் பஞ்சமே இல்லை. எந்தக் கட்சித் தலைவர் சிரித்துக்கொண்டு இருந்தாலும் மாட்டுக்கு ஒன்றுதான். நல்ல எண்ணம்தான். ஆனால் காற்று வருகிற பக்கம் மட்டும், மாட்டின் முதுகு உயரத்துக்கு மட்டும் கட்டினால் போதும். மேலே எறவாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் திறந்து இருக்க வேண்டும். முகட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டு அதற்குமேல் தொப்பி மாதிரி தகரம் வைத்திருந்தால் ஆவி அது வழியே போய்விடும். சொட்டு விழுவது பாதியாகக் குறையும். பழைய ஓட்டு வீட்டில் புகை போக முகட்டில் வழி விட்டவர்கள் முட்டாள்கள் இல்லை.

இதெல்லாம் ஆனபிறகு ஏணியை எடுங்கள். மாசிக் கடைசியில், காலை ஒன்பது மணிக்குள். அதற்குமேல் தகரத்தில் கை வைக்க முடியாது. தகரத்துக்கு அடியில் குறுக்குப் பைப்பு எங்கே போகிறதோ, அதாவது போல்ட்டு வரிசையில், அந்த இடத்தில் மட்டும் கால் வையுங்கள். சர்வீஸ் ஒயர் தகரத்தில் எங்கேயாவது உரசுகிறதா என்பதை ஏறுவதற்கு முன்னாலேயே பார்த்துவிட வேண்டும். கரண்டு ஏறிய தகரத்தால் மாடு செத்த கதை நம் எல்லா ஊரிலும் உண்டு.

மேலே முதல் வேலை கூட்டுவது. வேப்பந்தழை, புளியந்தழை, போன வருச வெயிலுக்குப் போட்ட தென்னங்கீற்று எல்லாம் மழையில் நனைந்து மக்கித் தகரத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதற்குக் கீழே ஈரம் காயவே காயாது. கீற்றை வெயில் காலத்தில் போடுங்கள், ஆவணிக்குள் எடுத்துவிடுங்கள். அந்த மக்கு வீணும் இல்லை, கத்தரிக்குப் போடலாம்.

அப்புறம் போல்ட்டு. பன்னிரண்டு அடித் தகரம் விடியற்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். தினமும். போல்ட்டு தளர்வதும் ஓட்டை அகலமாவதும் இதனால்தான். தளர்ந்த ஜே-போல்ட்டை முறுக்குங்கள்; வாஷர் நசுங்கும் அளவுக்கு வேண்டாம், அமர்ந்து உட்காரும் அளவுக்கு. வெடித்துப்போன வாஷரை மாற்றுங்கள். போல்ட்டு மேட்டில் இருக்க வேண்டும். தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் போட்டிருந்தால், போட்டவர் அவசரத்தில் இருந்தார் என்று அர்த்தம். எறவாரத்து வரிசையும் முகட்டு வரிசையும் முக்கியம். சித்திரையில் கோடை மழையோடு வருகிற சூறைக்காற்று மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழையைச் சாய்க்கிற அதே நாளில்தான் நம்ம தகரத்தையும் தூக்குகிறது. ஓரத்தில் ஒரு போல்ட்டு தளர்ந்திருந்தால் காற்று அங்கே கை வைத்துத்தான் உரிக்கும். ஆடிக் காற்றுக்கு அம்மி பறக்குமோ என்னமோ, சித்திரைக் காற்றுக்குத் தகரம் பறக்கும்.

துரு பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்சைடு அடித்துப் பெயிண்ட் பூசலாம். துரு இல்லாத புதுத் தகரத்தில் நேராக எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள், ஒரே வருசத்தில் தோல் தோலாக உரியும். அதற்கென்று தனி பிரைமர் இருக்கிறது. குளிர்ச்சிக்காகச் சுண்ணாம்பு அடிப்பது சிமெண்டு சீட்டுக்கு நல்லது. கலர் சீட்டுக்கு ஒத்துவராது, அதன் அலுமினியப் பூச்சைக் காரம் அரித்துவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதைக் கம்பி பிரஷ்ஷால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது, உடைக்கவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லி வெகு காலம் ஆகிவிட்டது.

நம்ம மாவட்டத்தில் கூரையை ஒழுங்காகப் பார்க்கிறவர்கள் யார் என்றால் கோழிப்பண்ணைக்காரர்கள்தான். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருந்து வருகிற வானிலை அறிக்கையைப் பேப்பரில் பார்த்து, வெயில் ஏறுது என்றால் கூரைமேல் தண்ணீர் தெளிக்கவும் கீற்று போடவும் ஓடுகிறார்கள். அவர்கள் பண்ணை முறையோடு நமக்கு ஆயிரம் சண்டை உண்டு, அது வேறு. ஆனால் வெயில் தாங்காமல் கோழி செத்தால் அன்று சாயங்காலமே கணக்கு தெரிந்துவிடும். மாடு சாவதில்லை, கால் லிட்டர் பாலைக் குறைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வடிய, பேசாமல் நின்றுகொண்டு இருக்கும். அதனால்தான் நமக்கு உறைப்பதில்லை.

மறுபடி ஓலைக்கே போவோம் என்று நம் இயக்கத்துக்குள் சொல்லும் நண்பர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பனை வைத்திருப்பவர், வேயத் தெரிந்த ஆள் ஊரில் இருப்பவர் தாராளமாகப் போகட்டும், மாடு வாழ்த்தும். நாட்டு ஓடு இருந்தால் பிரித்து விற்காதீர்கள். ஆனால் இரண்டு மாடு வைத்துக்கொண்டு, தறிக்கும் போய்க்கொண்டு, குத்தகைக் காட்டில் சோளம் போடுகிற பெண்களிடம் போய் 'ஓலை வேயுங்க அக்கா' என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களுக்குத் தகரம்தான் இருக்கப் போகிறது. கடன் வாங்கிப் போட்ட அந்தத் தகரம் ஏழெட்டு வருசத்தில் சல்லடையாகாமல் இருக்க, முதலில் ஒரு மூடி போட்ட பேரலும் கொஞ்சம் கடலைத் தொலியும் போதும்.

கட்டுத்தரைமேல் பதினைந்து வருசத்துக்கு மேலாக ஓட்டை விழாமல் நிற்கிற தகரம் யாரிடமாவது இருந்தால் இதழுக்கு எழுதுங்கள். எறவாரம் எத்தனை அடி உயரம், முகட்டில் திறப்பு உண்டா, மூத்திரம் எங்கே போகிறது, அடிப்பக்கம் வெள்ளை பூத்திருக்கிறதா, இந்த நான்கும் இருந்தால் போதும். பங்குனிக்குள் வந்தால் சித்திரை இதழில் எல்லாவற்றையும் சேர்த்துப் போடச் சொல்லி ஆசிரியரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.